எழுபது கூட்டிய மதினிக்கு

என் அருமைப் புளுகுமூட்டை மதினி,

செத்தவர்களைத் திட்டக்கூடாதாம். அம்மா சொல்கிறாள். திட்டாமல் உனக்கு எப்படிக் கடிதம் எழுதுவது என்று கேட்டேன். பேச்சு வந்த நாளிலிருந்து நாம் திட்டாமல் பேசியதே கிடையாது. இப்போது போய்த் திடீரென்று மரியாதை கொடுத்தால், யாருக்கோ வந்த கடிதம் என்று நீ பிரிக்காமலே போட்டுவிடுவாய்.

அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் மேல் கடுங்கோபத்தில் இருக்கிறேன். பாசம் இருக்கிற இடத்தில்தான் கோபம் வரும் என்று யாராவது சமாதானம் சொல்ல வந்தால், அவர்கள் மேலும் சேர்த்துக் கோபம் வருகிறது.

இது எங்கள் பள்ளி ஆண்டு மலரில் வரப்போகிறது. நம்மைத் தெரியாதவர்களும் எட்டிப் பார்ப்பார்கள். அவர்களுக்காக இரண்டு வரி, பொறுத்துக்கொள். தேன்மொழி என் மாமா மகள். பண்ணைக்காட்டில் காபியும் மிளகும் போட்டிருக்கிற மாமாவுக்கு ஒரே பெண். என்னைவிடப் பதினோரு மாதம் மூத்தவள். அந்தப் பதினோரு மாதத்துக்காக அவளை மதினி என்று கூப்பிட வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். அந்த மூன்று எழுத்தில் எவ்வளவு கிண்டலை ஏற்ற முடியுமோ அவ்வளவையும் ஏற்றித்தான் கூப்பிடுவேன். நான் அபிராமி. செண்பகனூரில் ரோட்டோரம் காரட்டும் பேரிக்காயும் விற்கிற கடைக்காரம்மாவின் மகள். இரண்டு ஊருக்கும் நடுவே ஒன்றரை மணி நேர மலைப்பாதை. போன பங்குனியில், என் பத்தாம் வகுப்புப் பரீட்சை நடந்துகொண்டிருந்தபோது, தேன்மொழி இருதயக் கோளாறால் இறந்துபோனாள். அதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

சரி மதினி, இப்போது நாம் பேசுவோம்.

கோடைக்கானலில் பனி மூடிக் கிடந்த அந்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் இருக்கிறதா? பள்ளத்தாக்குப் பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அந்தா தெரியுதுல்ல, அதுதாங்க வைகை டேம்" என்று கையை நீட்டினாய். சுற்றுலா வந்த இருபது பேர் போனை எடுத்து வெறும் வெள்ளையைப் படம் பிடித்தார்கள். அதில் ஒருவர், "ஆமா, தண்ணி நெறையாக் கெடக்கு" என்று வேறு சொன்னார். நான் சிரிப்பை அடக்க முடியாமல் உட்கார்ந்தே விட்டேன். அன்று திரும்பி வரும்போது பஸ்ஸுக்கு நின்ற இடத்தில், ஒரே சோளக்கதிரை ஆளுக்கு ஒரு பக்கமாகக் கடித்துக்கொண்டு ஒரு விதி போட்டோம். ஊரை எவ்வளவு வேண்டுமானாலும் ஏமாற்றலாம். ஒருத்தி மற்றவளை ஏமாற்றக்கூடாது. விதி போட்டவள் நீ. எனக்கு அப்போது வாய் நிறையச் சோளம். தலையை மட்டும்தான் ஆட்டினேன்.

அந்த ஒரே ஒரு விதியையாவது காப்பாற்றியிருக்கலாம் அல்லவா?

நம் ஆராய்ச்சியே ஒரு தண்டனையாகத்தான் ஆரம்பித்தது. கடலில் ஏற்றவற்றம் வருவதை ஓதம் என்று பாடத்தில் சொல்லிக்கொண்டிருந்த டீச்சர், "கடலுக்கு மட்டும் இல்ல, காத்துக்கும் ஓதம் உண்டு" என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். "எங்க வீட்டுச் செவுத்துக்கும் உண்டு டீச்சர், கையை வச்சா ஈரம் ஒட்டும்" என்றேன். வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே, காற்றின் ஓதத்தைப் பற்றிக் கட்டுரை எழுதிக்கொண்டு வரச் சொன்னார். அதைப் படிக்கப் போய்த்தான் எனக்குப் பைத்தியம் பிடித்தது. எனக்குப் பிடித்தால் உனக்கும் பிடிக்க வேண்டும் என்பது எழுதப்படாத இன்னொரு விதி.

போனில் உனக்கு நான் விளக்கியது இப்படித்தான். வெயில் ஏறினால் காற்றில் இருக்கிற நீராவியும், அதற்கு வெகு மேலே இருக்கிற ஓசோனும் சூடாகின்றன. காற்று மண்டலம் முழுக்க விரிந்து சுருங்குகிறது. அதனால் நம் தலைக்கு மேலே இருக்கிற காற்றின் பாரம் தினமும் இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்குகிறது. காலை பத்து மணிவாக்கிலும் இரவு பத்து மணிவாக்கிலும் உச்சம். விடியற்காலை நாலுக்கும் சாயங்காலம் நாலுக்கும் பள்ளம். கல்யாணம், கருமாதி எதற்கும் அது லீவு போடுவதில்லை.

அந்த அலை இங்கேயே நின்றுவிடுவதும் இல்லை, மேலே ஏறுகிறது. உயரப் போகப் போகக் காற்று மெலிவதால் அலை பெருத்துக்கொண்டே போகிறது. தரையில் காற்றழுத்தமானியின் முள்ளை மயிரிழை அசைத்த அதே அலை, நூறு கிலோமீட்டர் உயரத்தில் சூறைக்காற்றாக வீசுகிறது. அங்கே வெயில் பட்டு உடைந்த காற்று, மின்சாரம் ஏறிய துகள்களாகக் கிடக்கிறது. அதுதான் அயனிமண்டலம். (அம்மா இன்றுவரை ஐயனார் மண்டலம் என்றுதான் சொல்கிறாள். உயரத்தில் இருக்கிறது, சக்தி உள்ளது, திருத்துவானேன் என்று விட்டுவிட்டேன்.) பூமியின் காந்தத்துக்கு நடுவே அந்தத் துகள்களைக் காற்று தள்ளும்போது, சைக்கிள் டைனமோவில் பிறப்பது மாதிரி மின்சாரம் பிறக்கிறது. காந்த நடுக்கோடு நம் மலைக்குக் கொஞ்சம் தெற்கே போவதால், உச்சிப்பொழுதில் அந்த மின்சாரம் நம் பக்கத்து வானத்தில் ஆறு மாதிரி ஓடுகிறது. அங்கே உண்டாகும் விசை, இன்னும் மேலே கிடக்கிற துகள்களையும் தூக்கி வடக்கிலும் தெற்கிலும் ஊற்றாகக் கொட்டுகிறது. ரேடியோ இழுப்பதும், போன் வரைபடத்தில் நாம் சற்றுத் தள்ளி நிற்பதாகக் காட்டுவதும் சில நேரம் அதன் வேலை.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நீ சொன்னாய்: "அப்ப கீழ எவனோ சூடாகுறதுக்கு, மேல எவனுக்கோ ஷாக் அடிக்குது. நம்ம குடும்பம் மாதிரியே இருக்குடி."

நான் இத்தனை பத்தியில் சொன்னதை நீ ஒரு மூச்சில் சொன்னாய். அதற்காகவும் உன் மேல் எனக்குப் பொறாமை உண்டு.

மூன்று படி என்று திட்டம் போட்டோம். முதல் படி பண்ணைக்காடு, நீ. இரண்டாவது படி செண்பகனூர், நான். மூன்றாவது படி வானம். அதற்கு இணையத்தில் எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிற அயனிமண்டலப் படங்களை இறக்கிக்கொள்வது. பள்ளி ஆய்வகத்தில் தூசி படிந்து கிடந்த இரண்டு பித்தளைக் காற்றழுத்தமானிகளை டீச்சர் இரவல் தந்தார். ஒன்று எங்கள் வீட்டில், ஒன்று உங்கள் வீட்டில். வட்டமான முகமும் முள்ளும் பார்த்துவிட்டு மாமா அதற்குக் காத்துக் கடிகாரம் என்று பெயர் வைத்தார். ஆணி அடித்து மாட்டிவிட்டு, "இது எப்படா ராகுகாலம் காட்டும்?" என்று கேட்டார்.

ஆவணியில் தொடங்கினோம். ஒரு நாளைக்கு நாலு தடவை முள்ளைப் பார்த்து எண்ணை அனுப்ப வேண்டும். எண்ணோடு கட்டாயம் ஒரு திட்டு. "872.6. எருமை." "802.0. போடி பேரிக்கா மண்டை." திட்டு இல்லாமல் வந்த எண்ணை ஏற்றுக்கொள்ளக்கூடாது என்று பேச்சு. பள்ளி நாட்களில் பத்து மணிக்கு எனக்காகக் கடையிலிருந்து ஓடிப்போய் முள்ளைப் பார்த்தது அம்மா. உனக்குத் திட்டு எழுத மட்டும் அவளுக்குக் கூச்சம். அண்ணன் மகளாயிற்றே என்று, "802.8. நல்லா இரு" என்று அனுப்பினாளே, ஒரு வாரம் சிரித்தோமே.

உன் எண்ணிலிருந்து என் எண்ணைக் கழித்தால் வருவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே எழும்பி நிற்கிற காற்றின் பாரம் அது. சுமாராக எழுபது மில்லிபார். ஆனால் எழுபதிலேயே நிற்காது. விடியலில் காற்று குளிர்ந்து கனமாக இருப்பதால் எழுபத்தொன்றுக்குப் போகும். சாயங்காலம் சூடேறி லேசாகி அறுபத்தொன்பதுக்கு இறங்கும். நமக்கு நடுவே இருப்பது மூச்சு விடுகிறது என்று நீதான் சொன்னாய்.

மாசி மாதம் நீ ஒரு புதுப் பழக்கம் ஆரம்பித்தாய். "நீ மொதல்ல அனுப்புடி." ஒவ்வொரு தடவையும். நான் அனுப்பி இரண்டு நிமிடத்தில் உன் எண் வரும், திட்டோடு. சோம்பேறி, என் செய்தியைப் பார்த்த பிறகுதான் எழுந்து போய் முள்ளைப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். ஒரு நாள் கூப்பிட்டேன். கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி பேசினாய்.

"என்னடி கொரலு இப்படி இருக்கு?"

"தொண்டை கட்டிருச்சு. ராத்திரி ஐஸ் தின்னேன்."

பின்னால் ஒரு பெண் குரல் டோக்கன் எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தது. "அது யாருடி?"

"ரேஷன் கடைடி. அரிசிக்கு நிக்கிறேன். நீ போயிப் படி, மாடு."

மதுரையில் ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார்ந்துகொண்டு ரேஷன் அரிசி வாங்கினாய். இதைச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது பார், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவ்வளவு நல்ல பொய்.

சின்ன வயதில் வந்த காய்ச்சலில் உன் இருதய வால்வு பழுதானது எனக்குத் தெரியும். மாத்திரையில் ஓடிக்கொண்டிருந்ததும் தெரியும். மாசியில் அது முற்றி உன்னை மதுரையில் சேர்த்தது தெரியாது. எனக்குத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அம்மாவுக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியும், எதிர்க்கடை பாய்க்குக்கூடத் தெரியும். பரீட்சை எழுதுகிற பிள்ளையிடம் எதுவும் சொல்லக்கூடாது என்பது இங்கே எல்லா வீட்டிலும் இருக்கிற ஏற்பாடு. தாத்தா இறந்ததை, கடன் வந்ததை, அக்கா வீட்டை விட்டுப் போனதை எல்லாம் மூடிவைத்து, கடைசித் தேர்வு முடிந்த மத்தியானம் சோறு போட்ட பிறகு சொல்வார்கள். அந்த ஏற்பாட்டுக்குள் பெரியவர்கள் இருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். நீ எப்படிப் போய்ச் சேர்ந்தாய்? நீ என் கட்சிதானே?

கீழே வெயில் பட்டதைக் காற்று நூறு கிலோமீட்டர் மேலே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. ஒன்றரை மணி நேரப் பாதையில் ஒரு செய்தியை நம் குடும்பத்தால் கொண்டுவர முடியவில்லை.

கடைசித் தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு, விடிந்தும் விடியாமலும் அம்மா பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

"எங்கம்மா?"

"மாமா தோட்டத்துல சோலி கெடக்கு. ஒத்தாசைக்கு ஆளு இல்லையாம். வெரசா வந்துருவேன்."

சாயங்காலம் திரும்பி வந்தவள் என்னைத் தொடாமல், முகம் கொடுக்காமல், நேராகக் கொல்லைப்பக்கம் போய்த் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். தலை ஏன் நனைந்திருக்கிறது என்று கேட்டதற்கு, வழியில் மழை என்றாள். முள் நிமிர்ந்து நின்ற நாள் அது. வானத்தில் பொட்டு மேகம் இல்லை. மலை இறங்கினால் வேறு வானமாக்கும் என்று நினைத்து, பேரரசுகளின் வீழ்ச்சிக்கான காரணங்களைப் படிக்கப் போய்விட்டேன். காற்றழுத்தம் அளந்தேனே தவிர, இத்தனை அழுத்தக்காரிகள் நடுவே இருக்கிறேன் என்று தெரியவில்லை.

உன் எண்கள் வந்துகொண்டுதான் இருந்தன. திட்டு மட்டும் இல்லை. வெறும் எண். ஒரு நாள் பார்த்தேன். அடுத்த நாள் சாயங்காலம் நாலு மணிக்கும் மொட்டையாக ஓர் எண் வந்தது. கோபித்துக்கொண்டாயோ என்று நினைத்தேன். உன்னைச் சீண்டிப் பேச வைக்க வேண்டும் என்று நினைத்தேன். அப்போது நான் அனுப்பியதை இங்கே எழுதத்தான் வேண்டும்.

"திட்டு எங்கடி? செத்துட்டியா மதினி?"

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு பதில் வந்தது. "இல்ல."

இதோடு தீர்ந்தது என்று நான் படிக்கப் போய்விட்டேன்.

மறுநாள் பரீட்சை முடிந்து வெளியே வந்தால் வாசலில் அப்பா நிற்கிறார். பள்ளிக்கூடப் பக்கமே வராதவர். வீட்டில் அம்மா சோறு போட்டாள். சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"அபி, ஒண்ணு சொல்லணும்."

"பெயிலாயிட்டா வீட்ட விட்டு வெரட்டிருவீங்களா?"

"தேனு போயிட்டாம்மா."

"எங்க?"

அதையும் நான் விளையாட்டாகத்தான் கேட்டேன். அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அப்பாதான் சொன்னார். முந்தாநாள் விடியற்காலை மதுரையில். அன்றைக்கு மத்தியானமே பண்ணைக்காட்டில் எடுத்துவிட்டார்கள். நான் சமூக அறிவியல் படித்துக்கொண்டிருந்தேன். என்ன பொருத்தமான பாடம் பார்! இந்தச் சமூகம் எனக்குச் செய்ததில் எந்த அறிவியல் இருக்கிறது என்று கேட்டிருந்தால் பத்து பக்கம் எழுதியிருப்பேன்.

உன் முகத்தை நான் பார்க்கவில்லை மதினி. போன பொங்கலுக்குப் பார்த்ததுதான். வாயில் கரும்பு வைத்துக்கொண்டிருந்தாய்.

ஒரு மாதம், எண்களைக் குறித்துவைத்த நோட்டைத் தொடவில்லை. பிறகு டீச்சர் ஆள் அனுப்பினார். திண்டுக்கல்லில் மாணவர் அறிவியல் மாநாடு, நம் மூன்று படியைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள், உன் பெயரும் என் பெயரும் சேர்த்து. உன்னுடைய நினைவாக நான் பேச வேண்டுமாம். அழுதுகொண்டே ஒரு மூலையில் உட்கார்ந்து உன் எண்களிலிருந்து என் எண்களைக் கழித்தேன்.

ஆவணி ஆடியது. ஐப்பசி ஆடியது. தை ஆடியது. 70.9, 69.2, 70.4. மாசி நடுவில் ஒரு நாள் சாயங்காலம் எழுபது. இரவு எழுபது. விடியல் எழுபது. அடுத்த நாள் எழுபது, எழுபது, எழுபது, எழுபது. நாற்பது நாள். நமக்கு நடுவே இருந்த காற்று நாற்பது நாள் மூச்சை நிறுத்தியிருந்தது.

உனக்காக அழ உட்கார்ந்த இடத்தில் எனக்கு அழுகை நின்றுவிட்டது. "நீ மொதல்ல அனுப்புடி." படுக்கையில் கிடந்துகொண்டு, என் எண்ணில் எழுபதைக் கூட்டி, ஒரு திட்டைச் சேர்த்து அனுப்பியிருக்கிறாய். நாற்பது நாள், நாளுக்கு நாலு தடவை. ஒரு தடவை பொய் சொன்னால் தவறு. நூற்றைம்பது தடவைக்கு மேல் சொன்னால் அதற்கு என்ன பெயர்?

அதன் பிறகுதான் கடைசி எட்டைக் கவனித்தேன். நீ இறந்த நாள் காலை பத்து மணியிலிருந்து, என் கடைசித் தேர்வு நாளின் விடியல்வரை வந்த எட்டு எண்கள். 69.7, 69.1, 70.2, 70.8. நாற்பது நாள் கட்டையாகக் கிடந்தது மறுபடி ஆடியது. உயிரோடு இருந்தபோது பொய்யை அனுப்பியவள், செத்த பிறகு உண்மையை அனுப்பினாளா? பயந்து நோட்டை மூடிவிட்டேன்.

டீச்சரிடம் காட்டினேன். அவர் வெகு நேரம் பார்த்தார். "இதக் கண்டுபிடிக்க வேற யாருக்கும் தோணாது அபி. அந்தப் புள்ளையோட பேரு கெடக்கூடாது. முடிவு ஒன்கிட்ட" என்றார். அந்த நாற்பது நாளை எடுத்துவிட்டால், கீழ்ப்படி நொண்டியாகிவிடும். அந்த நாட்களில் இறக்கிய வானப் படங்களுக்கு ஜோடி இல்லாமல் போய்விடும். வைத்துக்கொண்டால், உன் பொய்க்குக் கீழே என் பெயரும் இருக்கும். எனக்குச் சொன்ன பொய்யை நானே ஊருக்குச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால், நூறு பேர் நடுவில், பதில் பேச முடியாத உன்னைக் கள்ளி என்று காட்டிக்கொடுக்க வேண்டும். எப்படித் திரும்பினாலும் ஒருத்தி மாட்டிக்கொள்கிற மாதிரி என்னமாய்ப் பொறி வைத்துவிட்டுப் போயிருக்கிறாய்.

நேற்று பண்ணைக்காட்டுக்குப் போனேன். நீ போன பிறகு தனியாகப் போவது முதல் தடவை. மாமா களத்தில் சாக்கு தைத்துக்கொண்டிருந்தார். காத்துக் கடிகாரம் அதே ஆணியில் தொங்கியது. மதுரைக்கு நீ அதை எடுத்துப் போகவே இல்லை.

"மாமா, தேனு கடைசி நாப்பது நாளு அனுப்புனது நெசமில்ல. எந் நம்பர்ல எழுபதக் கூட்டிருக்கா."

"தெரியும் மருமகளே."

"ஒங்களுக்குமா?"

"எம் முன்னாடி ஒக்காந்துதேன் கூட்டுவா. மூச்சு வாங்கும். கூட்டிட்டுச் சிரிப்பா. 'கண்டேபிடிக்க மாட்டாப்பா, கணக்குல அவ வீக்கு'ம்பா."

"கண்டுபிடிச்சுட்டேன்ல?"

"பிடிச்சுட்டியே தாயி." ஊசியைச் சாக்கில் குத்தி வைத்தார். "சத்தியம் வாங்கிட்டா. நீ பரீட்சைய விட்டுட்டு மதுரைக்கு ஓடியாந்துருவன்னா. தனக்கு ஒண்ணுன்னாலும் நான் எழுபதக் கூட்டி அனுப்பிக்கிட்டே இருக்கணும்னா. நானும் ஒக்காந்தேன். அவள வீட்டுல கெடத்திருக்கு. கையில போனு. ஒன் நம்பரு வந்துருச்சு. கூட்டு வரல மருமகளே. எட்டும் ரெண்டும் என்னன்னு தெரியல. எந்திரிச்சுப் போயி முள்ளப் பாத்தேன். அது காட்டுனத அனுப்புனேன்."

சாக்கில் குத்திய ஊசியை மறுபடி கையில் எடுத்தார்.

"செத்துட்டியான்னு கேட்டியே, அதுக்கு என்ன சொல்லணும்னு அவ சொல்லிக் குடுக்கல. அது நானா எழுதுனது."

நான் அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டேன். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன், வரவில்லை. எதற்கும் வாய் ஓயாதவள் என்று பெயர் எடுத்தவள் நான்.

பிறகு சொன்னேன். "நாளான்னைக்கு மாநாட்டுல இதச் சொல்லப்போறேன் மாமா. அந்த நாப்பது நாளும் பொய்யின்னு."

"அவ பேரச் சொல்லியா?"

"பேரச் சொல்லித்தேன்."

துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். "அப்ப நான் பாத்த எட்டும் போயிருமா?"

"அது போகாது மாமா. விடியல்ல கூட, சாயங்காலம் கொறச்சல். அப்படியே சரியா இருக்கு."

"சரியாவா பாத்தேன்?" என்றார். கண்ணாடிகூடப் போடவில்லையாம் அன்றைக்கு. பிறகு மெதுவாக, "அந்த எட்டையாச்சும் அவ பேருல போட்டுரு தாயி. அவளும் நெசம் எழுதுனான்னு இருக்கட்டும்" என்றார்.

அந்த மனிதர் இதுவரை என்னிடம் எதுவும் கேட்டதில்லை மதினி. ஆம் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. எனக்கு நல்லது என்று நினைத்து நீங்கள் எல்லோரும் சொன்ன பொய்களும் இப்படித்தான் ஒவ்வொன்றாக நாக்கு நுனிக்கு வந்திருக்கும், இல்லையா?

"வேணாம் மாமா," என்றேன். "ஆவணில இருந்து மாசி வரைக்கும் அவ நெசமாத்தான் எழுதிருக்கா. அது போதும். எட்டு ஒங்களுது."

சாக்கின் கடைசித் தையலைப் போட்டு நூலை அறுத்தார். "சரி," என்றார். "எம் பேர முழுசாப் போடு. இனிஷியலோட."

இப்போது மாநாட்டில் வைக்கிற விளக்க அட்டையை எழுதி முடித்துவிட்டேன். ஆவணி முதல் மாசிவரை உன் பெயர். அதன் பிறகு நாற்பது நாள் வெற்றுக் கட்டங்கள். அதற்குக் கீழே குறிப்பு: "இந்நாட்களில் பதிவாளர் மருத்துவமனையில் இருந்தார். அனுப்பப்பட்ட அளவுகள் இரண்டாவது படியின் அளவோடு எழுபதைக் கூட்டிப் பெறப்பட்டவை. இது சக பதிவாளருக்குத் தெரிவிக்கப்படவில்லை." கடைசி வாக்கியம் தேவையில்லை என்றார் டீச்சர். அது இல்லாமல் நான் மேடை ஏற மாட்டேன் என்றேன். அதற்கும் கீழே மாமாவின் எட்டு. மிச்சமிருக்கிறதை வைத்து, காற்று கீழே அசைவதற்கும் வானம் மேலே அசைவதற்கும் உள்ள உறவைக் காட்ட முடியாது. நம் இரண்டு ஆணிகளால் அது முழுதாக இருந்திருந்தாலும் முடியாதாம். உலகத்தின் இடுப்பைச் சுற்றிலும் அளந்தால்தான் தெரியும் என்கிறார் டீச்சர். அதையும் அட்டையில் எழுதிவிட்டேன்.

உன்னை இன்னும் மன்னிக்கவில்லை. நீ சொல்லியிருந்தால் ஓடிவந்திருப்பேன், அது உண்மை. பரீட்சை போயிருக்கும், அதுவும் உண்மை. அடுத்த மாதம் எழுதியிருப்பேன். உன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நாளாவது உன்னைத் திட்டியிருப்பேன். எது பெரியது என்று முடிவு செய்ய நீ யார்?

நாளை மேடையில் நின்று, என் மதினி தேன்மொழி பொய் சொன்னாள் என்று சொல்லப்போகிறேன். முன்வரிசையில் மாமா உட்கார்ந்திருப்பார், வருகிறேன் என்று சொல்லிவிட்டார். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை கூட்டியும் சொல்ல மாட்டேன், குறைத்தும் சொல்ல மாட்டேன். அந்த வாக்கை உனக்குத் தருகிறேன். சொல்லி முடிக்கும்வரை குரல் உடையாது என்று மட்டும் என்னால் வாக்குத் தர முடியாது.

உன்னால் ஏமாற்றப்பட்ட,
உன் ஒரே அத்தை மகள்
அபிராமி
செண்பகனூர்